நுழைகழியும் பரவைக்கடலும்

நோர்வேக்கு விருந்தாய் வரும் தமிழரை அங்குள்ள உறவினர் முதலில் அழைத்துச் செல்லும் இடம் நுழைகழிகள்தாம். பனிக்கட்டியாறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குடைந்த பள்ளத்தாக்குகளுள் கடல் புகுந்து நிற்கும் நீர்வழிகளுக்கு நமது புவியியற் பாடநூல்கள் சூட்டிய பெயர் அது. நானும் அவ்வாறே அழைத்துச் செல்லப்பட்டேன். பிளோம் என்னும் சிற்றூரிலிருந்து குட்வாங்கன் வரை படகில் சென்றபோது, நாரொய் நுழைகழியின் இரு கரைகளும் ஓரிடத்தில் 250 மீற்றர் வரை நெருங்கி வந்தன. இருபுறமும் செங்குத்தான மலைகள். அவற்றின் உச்சியிலிருந்து வெண்ணூலாய் இறங்கும் அருவிகள். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இது சொங்ன என்னும் பெரிய நுழைகழியின் ஒரு கிளை மாத்திரமே. சொங்ன, கடலிலிருந்து உள்நாட்டுக்குள் 200 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் செல்லும் தூரம் என்று கொள்ளுங்கள். அதன் ஆழம் 1300 மீற்றரைக் கடந்தது. வியப்பு யாதெனில், வாயிலில் அது ஆழங்குறைந்தே இருக்கிறது. உள்ளே செல்லச் செல்லத்தான் பாதாளம்.

யாழ்ப்பாணத்தாருக்கும் கடல் நிலத்துக்குள் வந்திருக்கிறது. ஆனால் அதனை எவரும் காட்சிப்பொருளாகக் கருதியதில்லை. பண்ணையிலும் கொழும்புத்துறையிலும் நின்றால் தெரியும் யாழ்ப்பாணக் கடனீரேரி, ஊர்வழக்கிற் பரவைக்கடல். பெரும்பகுதியில் ஆள் இறங்கி நடக்கலாம். களங்கண்ணி கட்டுவோர் தடிகளை ஊன்றி வலையை நிறுத்துவது அந்த ஆழமின்மையை நம்பித்தான். வடக்கே தொண்டைமானாற்றுக் கடனீரேரி, நடுவே உப்பாறு, தெற்கே ஆனையிறவு. ஆறு என்று பெயர் பெற்றவை உண்டேயன்றி, ஆண்டு முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீரையே கிணறுகள் நம்பியிருக்கின்றன. இவ்வேரிகளை நன்னீராக்கும் கனவு ஒன்று உண்டு. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம் அது. கனகராயன் ஆற்றின் நீரை ஆனையிறவில் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொண்டுவருவது அதன் சாரம். அணைகளும் கதவுகளும் கட்டப்பட்டன. திட்டம் முழுமை பெறவில்லை. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

நோர்வேயும் யாழ்ப்பாணமும் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவர் எரிக் சொல்ஹெய்ம். 2000ஆம் ஆண்டில் சமாதானத் தூதுவராக வெளியுலகம் அறிந்த அவர் பெயரோடு அந்த உறவு தொடங்கியதாகவே பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. அவருக்கு நாற்பதாண்டுகளுக்கும் மேலாக முந்திய ஒரு தொடக்கம் இருக்கிறது. அது அரசியலன்று, மீன்.

குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வே சென்றவர். அந்நாட்டில் முதலிற் கால் பதித்த யாழ்ப்பாணத் தமிழர் என்று அங்குள்ள தமிழர் அவரையே கூறுவர். பரவைக்கடலின் கரையிற் பிறந்தவருக்கு, கடலை நம்பியே வாழும் ஒரு நாடு தன் மீனவரை எவ்வாறு தலைநிமிரச் செய்தது என்பதே கற்கவேண்டிய பாடமாகத் தோன்றியது. கற்றதோடு நின்றாரில்லை. நோர்வே மக்களிடமும், குறிப்பாக மதுவிலக்கு இயக்கத்து இளைஞரிடமும் ஆதரவு திரட்டிக்கொண்டு தாயகத்துக்குத் திரும்பினார். 1960களில் ‘மாலு மீன்’ என்னும் முயற்சி எழுந்தது. சிங்களத்திலும் தமிழிலும் மீனைக் குறிக்கும் இரு சொற்களை ஒட்டிவைத்த பெயர் அது. (இரு மொழிகளையும் இத்துணை எளிதாக ஒட்டவைத்தவர் அக்காலத்து நாடாளுமன்றத்தில் எவரேனும் இருந்தனரா?) 1967இல் காரைநகரில் ‘சீநோர்’ தோன்றியது. இலங்கையின் அன்றைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளும் நோர்வேயின் முதலெழுத்துகளும் இணைந்த பெயர். படகு கட்டுதல், வலை பின்னுதல், மீன் பதப்படுத்துதல் என அது விரிந்தது. கடற்றொழிலைத் தாழ்வாய்க் கருதிய சமூகத்தில், அத்தொழிலை எந்திரமும் கணக்கும் கற்றவர் செய்யும் தொழிலாக்க முனைந்த முயற்சி அது. நமது வரலாற்று நூல்களில் அதற்கு இரண்டு வரிகூட ஒதுக்கப்படாதது வருத்தத்துக்குரியது.

அவர் திறந்த வழியில் எழுபதுகளில் இளைஞர் சிலர் நோர்வே சென்றனர். எண்பதுகளில் அது நீரோட்டமாயிற்று. அந்நாட்டின் மக்கள் உயர்பள்ளிகளில் மாணவராகச் சேர்ந்தனர். அப்பள்ளிகளில் பரீட்சையும் இல்லை, புள்ளியும் இல்லை. பரீட்சையையே வாழ்வாகக் கொண்ட யாழ்ப்பாணத்துப் பெற்றோர் இதனை எவ்வாறு ஏற்றனர் என்று வியப்பதுண்டு. 1983 யூலைக்குப் பின் அந்த வியப்புக்கும் இடமில்லாது போயிற்று. பிள்ளை உயிரோடிருந்தாற் போதும் என்றாயிற்று.

சென்றவர்களுட் பலர் வட கோடியான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்குப் போயினர். வார்டோ, போற்ஸ்பியோர்ட் போன்ற துறைமுக ஊர்களில், மாரியில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சூரியன் உதிப்பதில்லை. அங்கே பேரன்ட்ஸ் கடலின் கோட் மீனைத் தோலுரித்துத் துண்டமிடும் மேசைகளில் நம்மவர் நின்றனர். தாயகத்தில் மீன்வெட்டும் கத்தியைத் தொட்டறியாத வேளாண் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். இராஜேந்திரம் காரைநகரில் ஏற்படுத்த விரும்பிய மாற்றம், பின்மார்க்கில் வேறு வகையில், யாரும் திட்டமிடாமலே நிகழ்ந்தது. பிற்காலத்தில் பெரும்பாலோர் ஒஸ்லோவுக்கும் தெற்கின் பிற நகரங்களுக்கும் இடம்பெயர்ந்தனர்.

அதே காலத்தில் தாயகத்துப் பரவைக்கடல் எவ்வாறிருந்தது? 1990இன் பின் ஆனையிறவும் பூநகரியும் வழியடைபட, குடாநாட்டார் வெளியேற எஞ்சிய வழி கிளாலி. இருளில், விளக்கின்றி, எந்திரப் படகொன்றின் பின்னே கயிற்றாற் பிணைக்கப்பட்ட வள்ளங்களில், நோயாளரும் மாணவரும் வணிகரும் அந்த ஆழங்குறைந்த நீரைக் கடந்தனர். 1993 சனவரி 2ஆம் நாள் இரவு கடற்படையின் தாக்குதலில் பயணிகள் பலர் அங்கே மாண்டனர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுதும் பெயர்ந்தபோது, தென்மராட்சியிலும் தங்கமுடியாதோர் வன்னிக்குச் சென்றதும் இந்த நீரின் மேலேதான். அக்கடப்பைத் தாண்டி வந்த ஒருவர் நாரொய்ப் படகின் மேற்தளத்தில் என்னருகே நின்றார். எல்லோரும் மலைகளைப் படம்பிடித்துக்கொண்டிருக்க, அவர் நீரையே பார்த்திருந்தார். “இவ்வளவு ஆழம் எண்டால் தடி ஊன்ற ஏலாது” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

2002 பெப்ரவரி 23இல் நோர்வேயின் அனுசரணையில் போர்நிறுத்த உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடுண்டது. 2009 மே மாதத்து முடிவை இங்கு விவரிக்கத் தேவையில்லை. 2011 சனவரியில் கேரதீவையும் பூநகரியையும் இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. இன்று பேருந்து சில நிமிடங்களில் அந்நீரைக் கடந்துவிடுகிறது.

சீநோர் பின்னர் அரசின் கைக்குப் போய், தென்னிலங்கையில் இன்றும் கண்ணாடியிழைப் படகு கட்டும் நிறுவனமாய் நிலைத்திருக்கிறது. காரைநகரில் இருந்த மூலத்தளமோ போரில் பாழாயிற்று. அதற்கெதிரே நீரின் நடுவில், ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கடற்கோட்டை இன்னும் உறுதியாக நிற்கிறது. சுற்றுலாப் பயணியர் அதனைக் காணப் படகிற் செல்கின்றனர்.