பொறுப்பும் அதிகாரமும்: போர்க்காலச் சிங்கப்பூரில் திருச்சபைத் தலைமை

தமிழர் குடியேறிய நாடுகளில் கிறிஸ்தவ சமய வரலாறு என்பது பெரும்பாலும் ஆலயங்கள் எழுப்பப்பட்ட ஆண்டுகளின் வரிசையாகவும், அயல்நாட்டு அருட்தொண்டர்களின் வாழ்க்கைக் குறிப்புகளாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. வளர்ச்சியை மட்டும் அளக்கும் இம்முறையில் ஒரு முக்கியமான வினா விடுபட்டுப் போகிறது. நிறுவனம் நிலைகுலைந்த காலத்தில் அதன் தலைமை யார் கையில் இருந்தது? நிலைமை சீரடைந்தபின் அது யார் கைக்குத் திரும்பியது? சப்பானியர் ஆட்சிக்காலச் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் திருச்சபையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. அக்காலத்தில் பொறுப்பேற்றவர் ஒரு தமிழர் என்பது இவ்வாய்வை நமக்கு மேலும் அணுக்கமானதாக ஆக்குகிறது.

சான்றுகளைப் பற்றி முதலில் ஒரு சொல். ஒரு சமூகத்தின் சமய வரலாற்றை எழுதப் புகுவோர் கல்லறைக் கல்வெட்டுகளைத் தேடிச் செல்வது வழக்கம். சிங்கப்பூரில் இவ்வழி குறுகியது. பிடாடரிக் கல்லறைத் தோட்டத்தின் கிறிஸ்தவக் கல்லறைகள் 2001ஆம் ஆண்டு முதல் அகழ்ந்து அகற்றப்பட்டன. இன்று புதிதாக அடக்கம் செய்ய இடமளிப்பது தீவின் மேற்கிலுள்ள சுவா சூ காங் கல்லறைத் தோட்டம் ஒன்றே. அங்கும் 1998இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி அடக்கக் காலம் 15 ஆண்டுகளுக்கு வரையறுக்கப்பட்டுள்ளது. பின்னர் எச்சங்கள் எடுக்கப்பட்டு, சமயம் இடங்கொடுப்பின் எரியூட்டப்படுகின்றன. கல் நிலைக்கும் என்னும் நம்பிக்கை இங்குச் செல்லாது. எனவே திருச்சபைப் பதிவேடுகள், பள்ளி ஆவணங்கள், சிறைப்பட்டோரின் நினைவு நூல்கள் ஆகியவையே ஆய்வாளனுக்குத் துணையாகின்றன. தமிழாசிரியர்கள் தத்தம் சபைகளிலுள்ள தமிழ்ப் பதிவேடுகளைப் படியெடுத்து வைப்பது இதனால் அவசரமான பணியாகிறது.

1942இன் வீழ்ச்சி

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியப் படையிடம் சரணடைந்தது. அதற்கு முந்தைய நாள்களில் புனித அந்திரேயா பேராலயம் காயமுற்றோருக்கான மருத்துவமனையாக இயங்கிற்று. ஊர் 'சியோனான்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அதுவரை ஏறக்குறைய முற்றிலும் ஐரோப்பியர் தலைமையை நம்பியிருந்த திருச்சபைகள் ஒரே வாரத்தில் தலைமையற்றுப் போகும் நிலை எழுந்தது.

ஆங்கிலிக்கன் திருமண்டலத்தின் பேராயராக அப்போது இருந்தவர் லெனார்டு வில்சன். 1941 சூலையில்தான் அவர் அப்பொறுப்புக்கு அருட்பொழிவு செய்யப்பட்டிருந்தார். தமக்குரிய மந்தையை நன்கு அறிந்துகொள்ளும் முன்னரே போரை எதிர்கொண்டவர் அவர். எனினும் அவருக்கு எதிர்பாராத ஓர் உதவி கிடைத்தது. சப்பானிய நிருவாகத்தில் கல்வி, சமயம் ஆகிய துறைகளைக் கவனித்த ஒகாவா என்னும் அதிகாரி தாமே ஆங்கிலிக்கன் கிறிஸ்தவராக இருந்தார். அவருடைய முயற்சியால் வில்சனும், புனித அந்திரேயா பள்ளியின் முதல்வர் சோர்பி ஆடம்சும், ஜான் ஹேட்டர் என்னும் இளங்குருவும் ஓராண்டுக்கு மேல் சிறைக்கு வெளியே பணியாற்ற முடிந்தது. பகைநாட்டு அதிகாரி ஒருவரின் சமயப் பற்று ஒரு திருமண்டலத்திற்குக் கால அவகாசம் பெற்றுத் தந்தது எனலாம்.

அந்த அவகாசம் எவ்வாறு பயன்பட்டது என்பதே நாம் நோக்க வேண்டியது. 1943 மார்ச்சு இறுதியில் வில்சனும் சாங்கியில் அடைக்கப்பட்டபோது, திருமண்டலத்தின் பொறுப்பு தேவசகாயம் டேவிட் செல்லையா என்னும் குருவிடம் வந்து சேர்ந்தது.

செல்லையாவின் நிலை

பினாங்கில் பிறந்த செல்லையா தொழிலால் ஆசிரியர். புனித அந்திரேயா பள்ளியில் பணியாற்றியவர். நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை பற்றி ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவ்வாய்வு 1947இல் கோலாலம்பூரில் நூலாக வெளிவந்தது. தாய்மொழிகளை அடிப்படையாகக் கொண்ட புதிய கல்வி முறைக்கான பரிந்துரைகளும் அந்நூலில் உள்ளன என்பதை அதன் தலைப்பே அறிவிக்கிறது. மலாயாக் கல்வி வரலாற்றை எழுதுவோர் அதனை எடுத்தாளத் தவறுவதில்லை. ஆயினும் அவ்வாசிரியரே ஒரு திருமண்டலத்தைப் போர்க்காலத்தில் நடத்தியவர் என்பது கல்வித்துறையினர் பலர் கவனத்தில் இல்லை. துறைகளுக்கிடையே நாம் எழுப்பியுள்ள சுவர்களின் விளைவு இது.

அவர் ஏற்ற பொறுப்பின் தன்மையைச் சற்று விரிவாகக் காண்பது தேவையாகிறது. ஆங்கிலிக்கன் திருச்சபை ஒழுங்கின்படி குருப்பட்டம் வழங்கும் உரிமையும், திடப்படுத்தல் என்னும் அருட்சடங்கை நிறைவேற்றும் உரிமையும் பேராயருக்கு மட்டுமே உண்டு. செல்லையா குரு, பேராயர் அல்லர். ஆகவே திருமண்டலத்தின் அன்றாடச் சுமை முழுவதும் அவர் தோள்மீது இருந்தபோதிலும், ஒரு புதிய குருவை ஏற்படுத்தவோ இளையோரைத் திடப்படுத்தவோ அவருக்கு அதிகாரம் இல்லை. பேராயர் சில கல் தொலைவில் உயிரோடு இருந்தார். அவரை அணுக வழியில்லை. ஆட்சியாளரிடம் விடை சொல்ல வேண்டியவர் செல்லையா. உணவும் மருந்தும் அருகிய ஊரில் சபையாரைத் தாங்க வேண்டியவரும் அவரே. பொறுப்பு முழுமையாகவும் அதிகாரம் குறையாகவும் அமைந்த இந்நிலையில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் சபைகள் கலைந்துவிடவில்லை என்பதே அத்தலைமையின் அளவுகோல்.

1943 செப்டம்பர் இறுதியில் நேச நாட்டுச் சிறுபடை ஒன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்தது. சாங்கிச் சிறையிலிருந்தோரே உளவு சொன்னதாகச் சப்பானிய இராணுவக் காவல் துறையான கெம்பெய்தாய் ஐயுற்றது. அக்டோபர் 10இல் தொடங்கிய தேடுதலில் 57 பேர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் 15 பேர் இறந்தனர். அக்டோபர் 17இல் வில்சன் கொண்டு செல்லப்பட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். ஆர்ச்சர்டு சாலையிலிருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கட்டடமே அன்று கெம்பெய்தாயின் விசாரணைக் கூடமாக இருந்தது. பேராலயத்திலிருந்து அது நடந்து செல்லும் தொலைவு.

அதே மாதம் 21ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை இந்நகரிலேயே அறிவித்தார். 'நம்மை ஆள்வோர் யார்?' என்னும் வினா தமிழர் குடியிருப்புகளில் உரத்து ஒலித்த நாள்கள் அவை. ஆங்கிலேயரின் சமயம் எனப் பிறரால் கருதப்பட்ட ஒன்றைத் தமிழ்க் குரு ஒருவர் அவ்வேளையில் நடத்தி வந்தார் என்பதை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

தமிழகத்து முன்னிகழ்வுகள்

இத்தகைய நிலைமை தமிழ்க் கிறிஸ்தவத்திற்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கினார். தமிழராகிய ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1733இல். இடையில் 27 ஆண்டுகள். அடுத்த குருவைத் தேர்ந்த 1741இல் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தஞ்சைப் பகுதியில் பெரும்பணி செய்த உபதேசியார் இராசநாயக்கன் தகுதியுடையவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். பிற சாதியார் அவர் கையால் திருவிருந்து பெற மறுப்பர் என்னும் அச்சத்தால் அவரை விடுத்து தியோகுவுக்குப் பட்டம் அளிக்கப்பட்டது. அருட்தொண்டர்களின் இம்முடிவைக் காலத்தின் கட்டாயம் என்று சமாதானம் கூறுவோர் உளர். அது தலைமையின் தோல்வி என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. சபையின் பிளவை அஞ்சி நீதியை ஒத்திவைத்ததால் பிளவும் நீங்கவில்லை. சாதி பற்றிய பூசல் அடுத்த நூற்றாண்டில் வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெளிப்படையாக வெடித்தது.

ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் வே. ச. அசரியா. நெல்லை மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்த அவர் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பணி தொடங்கியவர். 1912இல் தோர்ணக்கல் பேராயராக அருட்பொழிவு பெற்றார். அவர் மறைந்த 1945 வரை, அதாவது 32 ஆண்டுகள், திருமண்டலம் ஒன்றை ஆண்ட ஒரே இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் அவரே. ஒருவரை உயர்த்திக் காட்டிவிட்டு வாயிலைச் சாத்திக்கொள்ளும் போக்கிற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மீட்சிக்குப் பின்

1945 செப்டம்பரில் சப்பானியர் சிங்கப்பூரில் முறைப்படி சரணடைந்தனர். வில்சன் விடுதலை பெற்றுத் தம் இருக்கைக்குத் திரும்பினார். தம்மை வதைத்தோருள் ஒருவர் பின்னர்க் கிறிஸ்தவராகி, அவருக்குத் தம் கையாலேயே திடப்படுத்தல் அளிக்க நேர்ந்ததை அவர் குறிப்பிட்டுள்ளார். அவருடைய மன்னிப்பு உலகறிந்த செய்தியாயிற்று, அது போற்றத்தக்கதே. சாங்கிச் சிறையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன் தலைவர்கள் ஒருங்கே வாழ்ந்து உரையாடியதன் பயனாக 1948இல் திரித்துவ இறையியல் கல்லூரி தோன்றிற்று. உள்நாட்டுக் குருமார் போதிய அளவில் பயிற்றுவிக்கப்படவில்லை என்பதைப் போர் வெளிப்படுத்தியது. அதற்கு அக்கல்லூரி ஒரு நேர்மையான மறுமொழி.

ஆனால் பேராயர் இருக்கையின் கதை வேறு. 1949இல் வில்சன் இங்கிலாந்து திரும்பியபின் ஹென்றி பெயின்சும், அவருக்குப்பின் கென்னத் சான்ஸ்பரியும் அவ்விருக்கையில் அமர்ந்தனர். இருவரும் ஆங்கிலேயர். மலாயா 1957இல் விடுதலை பெற்றது. சிங்கப்பூர் 1959இல் தன்னாட்சி பெற்றது. ஆசியரான சியூ பான் இட் பேராயரானது 1966இல்தான். மெதடிஸ்டு சபையில் யாப் கிம் ஹாவ் முதல் ஆசியப் பேராயராகத் தேர்வானது 1968இல். கத்தோலிக்கத் திருச்சபை, இலங்கையில் பிறந்த டொமினிக் வெந்தர்கோனை 1955இலேயே கோலாலம்பூரின் ஆயராக்கியது. எனினும் சிங்கப்பூரில் அச்சபையும் 1977 வரை காத்திருந்தது. சமத்துவத்தைப் போதித்த நிறுவனங்கள், அதனைப் போதிக்காத அரசியலைவிடப் பின்தங்கின.

இத்தாமதத்திற்குத் தகுதியுடையோர் இல்லாமையைக் காரணமாகக் கூறுவது எளிது. 1943 முதல் 1945 வரையிலான நிகழ்வுகள் அக்கூற்றை மறுக்கின்றன. தகுதி நெருக்கடியில் சோதிக்கப்பட்டு உறுதியாகியிருந்தது. நிதியும் நியமனமும் கடலுக்கு அப்பால் முடிவு செய்யப்பட்டதே உண்மையான தடை. அமைதிக் காலத்தில் அத்தடை மீண்டும் தன் இடத்தில் வந்து அமர்ந்தது.

செல்லையா தம்மிடம் இருந்த பொறுப்பைப் பேராயரிடமே ஒப்படைத்தார். பிற்காலத்தில் அவர் சிங்கப்பூரின் ஆர்ச்டீக்கன் ஆனார். பேராயருக்கு அடுத்த நிலையில் நின்று திருமண்டல நிருவாகத்தைக் கவனிக்கும் பதவி அது.