தமிழ்நாடு அரசு முத்திரை

கோயில் கோபுரம், அதன்முன் அசோகரின் சிங்கத் தலைப்பு, இருபுறமும் தேசியக் கொடி. கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலக ஆணையிலும், கல்வராயன் மலைவாசிகளின் சாதிச் சான்றிதழிலும் காணப்படும் முத்திரை இதுவே. 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் இதை வரைந்தார்.  

கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுடையது என்பது பரவலான கருத்து. மதுரை மீனாட்சி கோயிலின் மேலைக் கோபுரமே மாதிரி என்று ஓவியர் கூறியதாகவும் பதிவுண்டு. வரைந்தவரின் சொல்லுக்கே எடை அதிகம்.

முத்திரையில் முதலில் முண்டக உபநிடதத்தின் ‘சத்யமேவ ஜயதே’ பொறிக்கப்பட்டிருந்தது. அண்ணா ஆட்சியில் ‘வாய்மையே வெல்லும்’ ஆயிற்று. இதை வெறும் மொழிபெயர்ப்பாகக் கொள்ளக் கூடாது. உள்ளத்தின் உண்மை, வாக்கின் வாய்மை, செயலின் மெய்மை எனப் பிரித்து விளக்குவது தமிழ் மரபு. வள்ளுவர் வாய்மைக்குத் தனி அதிகாரமே வகுத்து, பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறார். கல்வராயன் மலையின் எளியவருக்கு அரசு எழுத்தில் தரும் வாக்குறுதியின் அடியில் இச்சொல் நிற்பது மிகப் பொருத்தம்.