தமிழ்ப்பற்றாளருக்கு இங்கிலீஷ்ல என்ன பேர்?

ஒரு மொழியை உயிரா நேசிக்கிற ஆளை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தமிழ்ல தமிழன்பர், தமிழார்வலர், தமிழ்ப்பற்றாளர், தமிழ்த்தொண்டர்னு வரிசையா வந்து விழுது. இங்கிலீஷ்ல 'ஸ்காலர்'னா படிச்சவர். 'லிங்விஸ்ட்'னா மொழியியல்காரர், இல்லேன்னா நாலு மொழி பேசுறவர். 'ஃபிலாலஜிஸ்ட்'டோட கிரேக்க வேருக்கு 'சொல்லை நேசிப்பவர்'னு அர்த்தம். ஆனா இன்னைக்கு அது பழைய ஏடுகளை ஆராயுற பேராசிரியரைத்தான் குறிக்குது. நேசம் வேரோட நின்னு போச்சு.

புதுசா ஒரு சொல் உண்டாக்கலாம்தான். ஆங்கிலோஃபைல், ஃபிராங்கோஃபைல் மாதிரி 'தமிழோஃபைல்'. கேட்டா கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணி வெச்ச ஃபைல் மாதிரி இருக்கு :-) தவிர, இந்த ஒட்டு வெளியில இருந்து ரசிக்கிறவருக்கானது. பிரான்ஸ்காரரையே யாரும் ஃபிராங்கோஃபைல்னு சொல்றதில்லை. தாய்மொழியை நேசிக்கிறவருக்கு இது ஒட்டாது.

இந்தச் சிக்கலோட வரலாற்றைப் பார்க்க எங்க ஆத்தூர்ப் பக்கத்தை விட்டு ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆத்தூருக்குப் பக்கத்துல இருக்கிற கொற்கையில தோண்டிப் பார்த்தவர் கால்டுவெல். 1856ல வந்த தன்னோட ஒப்பிலக்கண நூல்ல, சமஸ்கிருத 'திராவிட'த்தை எடுத்து 'டிராவிடியன்'னு ஒரு மொழிக் குடும்பத்துக்கே பேர் வெச்சார். மொழிகளுக்குப் பேர் கிடைச்சுது. அந்த மொழியை நேசிக்கிறவருக்குக் கிடைக்கலை.

அடுத்து ஜி.யு. போப். 1840கள்ல தூத்துக்குடிக்குப் பக்கத்துல சாயர்புரத்துல பள்ளி நடத்தினவர். 1886ல திருக்குறளையும் 1900ல திருவாசகத்தையும் இங்கிலீஷ்ல கொண்டு வந்தார். தன் கல்லறையில 'தமிழ் மாணவன்'னு எழுதச் சொன்னார்னு நாம மேடைக்கு மேடை கேட்டிருக்கோம். ஆக்ஸ்ஃபோர்டுல இருக்கிற கல்லுல அந்தச் சொல் கிடையாது. பல்கலைக்கழகத்துல தமிழும் தெலுங்கும் கற்பிச்சவர், கீழை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் வாழ்நாள் முழுக்க உழைச்சவர்ங்கிற மாதிரிதான் இருக்கு. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வெச்ச கல் அது. பதவியும் உழைப்பும் இங்கிலீஷ்ல வந்துடுச்சு, நேசம் வரலை. விட்டுப்போன அந்தச் சொல்லை நம்ம ஆட்கள் கதையா சொல்லி நிரப்பிட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

மூணாவது, தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துக்காரர். தூத்துக்குடியில தமிழ் இலக்கியக் கழகம் தொடங்கினார். 1952ல 'தமிழ் கல்ச்சர்' இதழை இங்கிலீஷ்ல கொண்டு வந்தார். 1964ல டெல்லியில உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னால நின்னார். 1966ல கோலாலம்பூர்ல முதல் மாநாடு. இவரோட நேசத்தைப் பத்தி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா உலகத்துக்கு முன்னால 'ரிசர்ச்'ங்கிற சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் அது உள்ளே போக முடிஞ்சுது.

சட்டை போடாத நேசத்துக்கு என்ன ஆச்சு? 1939ல சிறைக்குப் போய் உயிரை விட்ட நடராசனும் தாளமுத்துவும், 1964ல திருச்சியில தீக்குளிச்ச சின்னச்சாமியும் பேராசிரியர்கள் இல்லை. இங்கிலீஷ்ல இவங்களுக்குச் சுலபமாக் கிடைக்கிற சொல் 'ஃபனாடிக்', இல்லேன்னா 'ஷாவினிஸ்ட்'. கொஞ்சம் மரியாதையா சொன்னா 'நேஷனலிஸ்ட்'. பேர் மாறினா அந்த மனுஷனைப் பார்க்கிற பார்வையும் மாறிடுது. வெறியன்னு எழுதிட்டா, அதுக்கப்புறம் 'ஏன் செத்தார்'னு யாரும் கேட்க மாட்டாங்க.

இந்தக் குறையை நேரா எடுத்துப் பேசினவர் வரலாற்றாசிரியர் சுமதி ராமசாமி. 1997ல வந்த 'பேஷன்ஸ் ஆஃப் த டங்' புத்தகத்துல 1891ல இருந்து 1970 வரைக்குமான தமிழ்ப்பற்றை ஆராய்ஞ்சிருக்கார். தமிழைத் தெய்வமா, தாயா, கன்னியா நினைச்சு உருகினவங்களை, ஐரோப்பாவுல இருந்து வந்த 'நேஷனலிசம்'ங்கிற ஒரே சொல்லுக்குள்ள அடக்க முடியாதுன்னார். அதனால 'லாங்வேஜ் டிவோஷன்', 'தமிழ் டிவோட்டி'ன்னு எழுதினார். கூடவே 'தமிழ்ப்பற்று'ங்கிற நம்ம சொல்லையும் அப்படியே இங்கிலீஷுக்குள்ள கொண்டு போனார்.

என் ஓட்டு அந்தக் கடைசி வழிக்குத்தான். 'டிவோட்டி'ல கோயில் வாசனை அடிக்குது. கடவுளே இல்லைன்னு சொன்ன தமிழ்ப்பற்றாளர்களும் நிறைய பேர் உண்டே! 'பற்று'ங்கிறது விடாமப் பிடிச்சுக்கிறது. அதுக்குச் சாமியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். எங்க கடற்கரையில ஓடுற கட்டுமரத்துக்கு இங்கிலீஷ்காரர் புதுச்சொல் தேடலை. 'கேட்டமரன்'னு நம்ம சொல்லையே எடுத்துக்கிட்டார். பற்றையும் அப்படியே எடுத்துக்கட்டுமே.