வேட்களத்தில் தங்கியவர்கள்

அமெரிக்காவில் கல்லூரி நகரம் என்றே ஒருவகை ஊர் உண்டு. ஆன் ஆர்பர், இத்தாகா போன்ற ஊர்களில் பல்கலைக்கழகமே பிழைப்பு, அதுவே பெருமை, அதுவே தலைவலி. விடுமுறை வந்தால் ஊர் பாதியாகிவிடும். தமிழகத்தில் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்கனவே இருந்த பெருநகரங்களில் அமைந்தவை. தன்னை நிறுவியவரின் பெயரையே ஊர்ப்பெயராக்கி ஒரு பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த ஊரைத் தேடினால், நாம் அண்ணாமலைநகருக்குத்தான் சென்றாக வேண்டும்.

சிதம்பரம் தொடர்வண்டி நிலையத்துக்கு மேற்கே கோயிலும் தேர்வீதிகளும், கிழக்கே பல்கலைக்கழகம். அந்தக் கிழக்குப் பகுதியும் வெற்றிடமாக இருந்ததன்று. அங்கேதான் பாடல் பெற்ற தலமாகிய திருவேட்களம் இருக்கிறது. தில்லையில் இரவு தங்க அஞ்சிய ஞானசம்பந்தர், வேட்களத்தில் தங்கிக்கொண்டு நாள்தோறும் சென்று கூத்தனை வழிபட்டு மீண்டார் என்பது மரபு. கோயில் நகருக்கு எதிர்ப்புறத்தில் தங்கிப் பயில்வதற்கென ஓர் ஊர் பின்னாளில் உருவாகும் என்பதை அந்த மரபு முன்கூட்டியே அறிந்திருந்தது போலும்!

செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதனையொட்டி எழுந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தார். இக்கல்லூரிகளையும் 20 இலட்சம் ரூபாயையும் செட்டியார் அளிக்க, 1929-இல் பல்கலைக்கழகம் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் எங்கெங்கோ இருந்த கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்தி வந்தது. இதுவோ உறைவிடப் பல்கலைக்கழகம். ஆசிரியரும் மாணவரும் ஒரே மண்ணில் வாழ வேண்டும் என்பதே இதன் அடிப்படை. அண்ணாமலைநகரின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தது என்றே நாம் கருதுகிறோம்.

இவ்விடத்தில் இன்னொரு கல்வி முயற்சியையும் நினைக்க வேண்டும். இதே சிதம்பரத்தில், மீனாட்சி கல்லூரிக்கும் முன்பாக, 1916-இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். நந்தனார் கதை வழங்கும் ஊரில் அப்பெயரைக் கல்வி நிலையத்துக்கு இட்டது எளிய செயலன்று. ஊரின் கல்வி வரலாறு கோபுரம் போன்ற கட்டடங்களோடு தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை.

ஒன்றாக வாழ்ந்ததன் பயன் விரைவிலேயே தெரிந்தது. ஈழத்து விபுலாநந்த அடிகள் 1931-இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். பின்னர் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பண்டிதமணி கதிரேசச் செட்டியாரும் இங்கே தமிழ் கற்பித்தனர். 1941-இல் இங்கு நடந்த தமிழிசை மாநாடு, தமிழ்ப் பாடல்கள் மேடையில் உரிய இடம் பெற வேண்டும் என்ற குரலை ஓர் இயக்கமாக்கியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. நிறுவனரோ ஆங்கில அரசின் 'ராஜா' பட்டம் பெற்றவர். அவர் கட்டிய வகுப்பறைகளிலிருந்து இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் திராவிட இயக்க மேடைக்கு வந்தனர். விடுதி கட்டுபவர் அதில் நடக்கும் பேச்சுக்கு எல்லை கட்ட முடிவதில்லை.

அந்தப் பேச்சு 1965-இல் குருதி சிந்தியது. இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்ட மாணவர்கள்மீது ஜனவரி 27 அன்று காவல்துறை சுட்டதில் மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். அடுத்த இரண்டாண்டில் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1971-இல் முதலமைச்சர் மு. கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கப்பட்டபோது மாணவரில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர், தடியடி நடந்தது, உதயகுமார் என்ற மாணவர் மாண்டார். விசாரணை ஆணையம் அமைந்தும் அம்மரணம் குறித்த வாதம் ஓயவில்லை. முதல் மரணத்துக்கு ஆண்டுதோறும் மலர்மாலை உண்டு. இரண்டாவதை நினைவுகூர்வதில் ஒரு தயக்கம் இருக்கிறது. இரண்டு மாணவரும் ஒரே ஊரில் படிக்க வந்தவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மாணவர் வருவர், போவர், ஊரார் நிற்பர். வாடகை வீடும் உணவு விடுதியும் நகலெடுக்கும் கடையும் அவர்களை நம்பியே நடப்பவை. ஆயின் 1979-இல் தொலைதூரக் கல்வி தொடங்கியபின், பல்கலைக்கழகத்தின் பெரும்பான்மை மாணவர் இந்த ஊரையே பாராதவர் ஆயினர். பணியாளர் தொகை பெருகிற்று, நிதி தள்ளாடிற்று. 2013-இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை ஏற்றது. நிறுவனர் குடும்பத்தின் நிர்வாக உரிமை முடிவுக்கு வந்தது. மிகையென்று கணக்கிடப்பட்ட பணியாளர்கள் மாநிலமெங்கும் உள்ள பிற அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டனர். கட்டணத்தை எதிர்த்து மருத்துவ மாணவர் ஐம்பது நாளுக்கு மேல் போராடியபின், 2021-இல் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ்ச் சென்றது. அதே காலத்தில் அண்டை மாவட்டக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. எந்த முறையிலிருந்து விலகி 1929-இல் இது தொடங்கிற்றோ, அந்த இணைப்பு முறையே வீடு தேடி வந்துவிட்டது.

இவற்றில் பல தவிர்க்க இயலாதவை, சில நியாயமானவையும்கூட. தனியொரு குடும்பத்தின் ஆளுகை நீங்கியதற்கும் ஏழை மாணவருக்குக் கட்டணம் குறைந்ததற்கும் நாம் வருந்த வேண்டியதில்லை. ஆயினும் கணக்கில் ஏறாத ஓர் இழப்பு உண்டு. தமிழிசையும் மொழிப்போரும் பாடத்திட்டத்திலிருந்து பிறந்தவையல்ல. மாலையில் வகுப்பு முடிந்தும் வீடு திரும்பாமல் அங்கேயே இருந்தவர்களின் பேச்சிலிருந்து பிறந்தவை. பட்டத்தை அஞ்சலில் அனுப்பிவிடலாம். அந்த மாலைப்பொழுதை அனுப்ப இயலாது.