துணைக் கார்னெட்டிலிருந்து தனிக்குரல் வரை: லூயி ஆம்ஸ்ட்ராங்கும் ஜாஸ் தனிவாசிப்பின் வளர்ச்சியும்

முன்னுரை

கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923இல் பதிவு செய்த இசைத்தட்டுகளில் கார்னெட், கிளாரினெட், டிராம்போன் மூன்றும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒலிக்கின்றன. எது யாருடைய குரல் என்று பிரித்தறியக் காது பழக வேண்டும். 1928 ஜூன் 28 அன்று பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தட்டோ, துணை ஏதுமின்றி ஒற்றை டிரம்பெட்டில் தொடங்குகிறது. இரண்டிலும் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். ஐந்தே ஆண்டுகளில் ஜாஸின் மையம் குழுவிலிருந்து தனி வாசிப்பாளருக்கு நகர்ந்தது எப்படி? அவருடைய மேதைமையை மட்டும் காரணம் காட்டுவது போதாது. குழுவுக்குள் இரண்டாம் இடத்தில் நின்று அவர் பெற்ற செவிப்பயிற்சியிலிருந்தே அந்தத் தனிவாசிப்பு விளைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நியூ ஆர்லியன்ஸ்: தெருவே பள்ளி

ஆம்ஸ்ட்ராங் தம் பிறந்தநாளை 1900 ஜூலை 4 என்றே வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். அவர் மறைந்த பின்னர், 1980களில் கண்டெடுக்கப்பட்ட ஞானஸ்நானப் பதிவேடு, 1901 ஆகஸ்ட் 4 என்று உறுதி செய்தது. நியூ ஆர்லியன்ஸின் மிக வறிய பகுதியொன்றில் வளர்ந்த அவர், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய கார்னாஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தாரிடம் சிறுவயதில் வேலை செய்தார். முதல் கார்னெட் வாங்க உதவியவர்கள் அவர்களே. 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கியை வானோக்கிச் சுட்டதற்காகக் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியரின் கீழ் முறையாக வாசிக்கக் கற்று, இல்லத்தின் இசைக்குழுவை வழிநடத்தும் நிலைக்கு உயர்ந்தார்.

அந்த நகரில் ஊர்வலமும் சவ அடக்கமும் நடனமும் பித்தளைக் குழுவின்றி நடப்பதில்லை. கார்னெட் மெட்டைச் சொல்லும், கிளாரினெட் மேலே கொடிபோலப் படரும், டிராம்போன் கீழே தாங்கும். ஒருவர் நிற்க மற்றொருவர் பாடும் வழக்கம் அரிது. இந்த மரபின் தலைசிறந்த கார்னெட் கலைஞரான ஜோ 'கிங்' ஆலிவரே ஆம்ஸ்ட்ராங்கின் குரு. பின்னர் ஃபேட் மாரபிலின் குழுவில் சேர்ந்து மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் வாசித்தபோது, இசைக்குறிப்புகளைத் தடையின்றிப் படிக்கும் திறனும் கைவந்தது.

சிகாகோ: இரண்டாம் கார்னெட்

1922 ஆகஸ்டில் ஆலிவர் அவரைச் சிகாகோவுக்கு அழைத்துக்கொண்டார். லிங்கன் கார்டன்ஸ் நடனக்கூடத்தில் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கிடைத்தது இரண்டாம் கார்னெட். பாட்டுக் கச்சேரியில் பின்பாட்டுக்காரருக்கு உள்ள பொறுப்பை ஒத்தது அது. குழு முழுவதும் சட்டென்று நிற்கும் சிற்றிடைவெளிகளில் இரு கார்னெட்டுகளும் இணைந்து வாசிக்கும். ஆலிவர் அடுத்து என்ன வாசிக்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே பிடித்து, அதற்குப் பொருந்தும் சுரங்களை ஆம்ஸ்ட்ராங் அக்கணமே அமைத்தாக வேண்டும். பிறர் மனத்தில் உருவாகும் வரியை அது ஒலிக்குமுன்பே கேட்கும் பயிற்சி அது. தனிவாசிப்பின் கட்டமைப்பு அறிவுக்கு இதைவிடக் கடுமையான பாடம் இருந்திருக்க முடியாது.

1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜென்னெட் நிறுவனம் இக்குழுவைப் பதிவு செய்தது. மின்வழிப் பதிவு வராத காலம்; ஒரு பெரிய ஊதுகுழலை நோக்கி அனைவரும் வாசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கின் நாதம் ஆலிவரை மூழ்கடித்ததால் அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள். குழுவின் பியானோ கலைஞர் லில் ஹார்டின் அந்த நாதத்தின் வலிமையை உணர்ந்தவர். 1924இல் ஆம்ஸ்ட்ராங்கை மணந்து, ஆலிவரின் நிழலைவிட்டு வெளிவரும்படி தூண்டியவரும் அவரே.

நியூயார்க்கும் 'ஹாட் ஃபைவ்' பதிவுகளும்

1924 இலையுதிர்காலத்தில் ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் பெரிய குழுவில் ஆம்ஸ்ட்ராங் சேர்ந்தார். எழுதியதை எழுதியபடி, அடிக்கு அடி நேராக வாசித்த குழு அது. அவரோ ஒரு சுரத்தைத் தாள அடிக்குச் சற்றே பிந்தவிட்டு, அடுத்ததை முந்தவிட்டு, தாளத்தை ஊஞ்சலாக்கினார். அக்குழுவின் இசையமைப்பாளர் டான் ரெட்மனின் எழுத்தும் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் வாசிப்பும் அதன்பின் மாறின. ஸ்விங் யுகத்தின் வித்து இங்கே விழுந்தது. 1925இல் அக்குழு பதிவு செய்த 'சுகர் ஃபூட் ஸ்டாம்ப்' ஆலிவர் குழுவின் பழைய உருப்படியே. அதில் ஆலிவரின் புகழ்பெற்ற தனிவாசிப்பை ஆம்ஸ்ட்ராங் பின்பற்றி வாசிக்கிறார். புதுமையின் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தவர் கையில் அப்போதும் குருவின் வரியே இருந்தது.

1925 நவம்பர் 12 அன்று ஓகே நிறுவனத்துக்காக 'ஹாட் ஃபைவ்' பதிவுகள் தொடங்கின. கிட் ஓரி, ஜானி டாட்ஸ், ஜானி செயின்ட் சைர், லில் ஹார்டின் ஆகியோர் உடன் வாசித்தனர். 1926இன் 'ஹீபி ஜீபீஸ்', சொல்லின்றி அசைகளால் பாடும் 'ஸ்கேட்' முறையைப் பரவலாக்கியது. அம்முறை முன்பே இருந்தது, ஆனால் குரலை ஓர் ஊதுகருவியாகக் கையாளும் துணிவை மற்றவர்களுக்குத் தந்தது இத்தட்டு. 1927இல் 'ஹாட் செவன்' என விரிந்த குழுவுடன் பதிவான 'பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸி'ல் குழு இடையிடையே ஓர் அடியை மட்டும் தந்துவிட்டு ஒதுங்குகிறது. அந்த மௌனத்தை நிரப்பும் வரிகள் ஒவ்வொன்றும் முந்தையதன் விடையாகப் பிறக்கின்றன. மெட்டை அலங்கரிப்பது என்ற நிலை கடந்து, சுரக்கூட்டுகளின் மேல் புதிய மெட்டையே அந்தக் கணத்தில் கட்டியெழுப்பும் கலையாகத் தனிவாசிப்பு வளர்ந்தது.

தாக்கம்

இந்த வாசிப்பு ராய் எல்ட்ரிஜ் வழியாக டிஸ்ஸி கில்லெஸ்பியை அடைந்து, 1940களில் பீபாப் இயக்கத்துக்கு வழிகோலியது. பில்லி ஹாலிடேயும் பிங் கிராஸ்பியும் பாட்டை இயல்பான பேச்சின் ஓட்டத்தில் தளர்த்திப் பாட அவரிடம் கற்றனர். 1964இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், 'ஹலோ, டாலி!' மூலம் பீட்டில்ஸ் குழுவை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கினார்.

மேடையில் அவர் காட்டிய புன்னகையை அடிமைத்தனமென்று இளைய தலைமுறையினர் சிலர் பழித்தார்கள். வரலாறு வேறு சாட்சி சொல்கிறது. 1957இல் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் தடுக்கப்பட்டபோது, அதிபர் ஐசனோவரை வெளிப்படையாகக் கண்டித்து, அரசு சார்பிலான சோவியத் பயணத்தை மறுத்தார். இரு இனத்தவரும் ஒரே மேடையில் வாசிப்பதை லூசியானா சட்டம் தடுத்த ஆண்டுகளில் சொந்த ஊரிலேயே வாசிக்காமலிருந்து, 1965இல்தான் திரும்பினார்.

முடிவுரை

1971 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் குயீன்ஸில் அவர் மறைந்தார். 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் பொன்தட்டில் அவரும் 'ஹாட் செவன்' குழுவினரும் வாசித்த 'மெலன்கலி ப்ளூஸ்' இடம்பெற்றது. விண்வெளிக்குச் சென்றது ஒரு குழுவின் இசை.

'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' நமக்கு உணர்த்துவதும் இதுவே: தனிக்குரல் குழுவிலிருந்தே எழுகிறது. ஜாஸ் தனிவாசிப்பின் உச்சமாகப் போற்றப்படும் அந்த உருப்படியை இயற்றியவர் ஜோ ஆலிவர். அவர் பின்னாளில் பல்லும் ஈறும் கெட்டு ஊதும் வலுவிழந்து, 1938இல் சவானாவில் வறுமையில் மாண்டார். துணை ஏதுமின்றி எழும் அந்த முதல் டிரம்பெட் வரி, சீடன் குருவின் மெட்டுக்குள் நுழையத் திறக்கும் வாசல்.