பன்னிரண்டு பவுன்

பாட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய பித்தளை டப்பாவைத் திறந்தோம். உள்ளே ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பன்னிரண்டு தங்கக் காசுகள். தாத்தா கையெழுத்தில் 'பவுன் 12' என்று ஒரு துண்டுச்சீட்டு. நகைக்கடைத் தராசு 95.7 கிராம் காட்டியது. கடைக்காரர் எட்டால் வகுத்து, "பதினோரு பவுன், ஏழு கிராம், எழுநூறு மில்லி" என்றார்.

"பன்னெண்டுன்னு அப்பா எழுதி வச்சிருக்காரே? யாராச்சும் தேய்ச்சு எடுத்திருப்பாங்க" என்றாள் அத்தை. டப்பாவின் சாவி பதினைந்து வருடமாக அம்மாவிடம்தான் இருந்தது. யாரும் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். தாத்தா காலத்துப் பவுன் ஓர் எடையே இல்லை, அது ஒரு நாணயம். இங்கிலாந்தின் சாவரின். நம் வாயில் சவரன் ஆனது. 1817 முதல் அச்சான இந்தக் காசுக்கு, 20 டிராய் பவுண்டு தங்கத்தில் 934½ காசு அடிக்க வேண்டும் என்பது விதி. (அந்த அரைக் காசை எந்தப் புண்ணியவான் யோசித்தானோ!) 20 டிராய் பவுண்டு என்றால் 1,15,200 கிரெய்ன். வகுத்தால் ஒரு காசு 123.27 கிரெய்ன், அதாவது 7.988 கிராம். 1918இல் பம்பாயிலும் இதே எடையில் அடித்தார்கள்.

ஊர்க்கடைகளிலும் அன்று கிரெய்ன் கணக்குதான் மறைந்திருந்தது. வெள்ளி ரூபாய் 180 கிரெய்ன், அதுவே ஒரு தோலா. மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. படிக்கல் இல்லாதவன் ரூபாயையே தட்டில் வைத்து நிறுத்தான். 1956இல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாகக் கடைகளுக்குள் நுழைந்தது. வீசையை 1.4 கிலோவாக மாற்றிப் பழகி, பிறகு மறந்தே போனோம். பவுனை மட்டும் விட மனசு வரவில்லை. 7.988ஐ வைத்துக்கொண்டு எவன் கூட்டிக் கழிப்பான்? எட்டு கிராம் என்று ஆக்கிக்கொண்டோம்.

பன்னிரண்டு காசுக்கு அந்த முழுமையாக்கலில் மட்டும் 144 மில்லிகிராம் போகிறது. மிச்சம் 156 மில்லி, காசுக்கு 13. அது கைபட்டுத் தேய்ந்தது. 122.5 கிரெய்ன் வரை தேய்ந்த காசைக்கூட பிரிட்டிஷ் சட்டம் செல்லும் என்றது, அதாவது காசுக்கு 50 மில்லி வரை குறையலாம். பாட்டி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

காலையில் தாளில் எழுதி அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தாள். "எட்டுன்னு எவன் சொன்னான்?" என்றாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "மதினி, காப்பி இருக்கா?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டம்ளரும் டபராவுமாக வந்தாள்.