ஸ்பேடு என்னும் சொல்

ஆங்கிலேயர் 'ஸ்பேடு' என்று வழங்கும் கருவியை நாம் மண்வெட்டி என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. நம்முடையது ஓங்கி வெட்டி இழுப்பது. அவர்களுடையதோ நிமிர்ந்த பிடியும் தட்டையான அலகும் கொண்டு, காலால் மிதித்து மண்ணில் இறக்கப்படுவது. இங்கு வந்த ஆங்கிலேயர் இவ்வேறுபாட்டை உணர்ந்தே, நம் சொல்லை 'மமோட்டி' எனத் திரித்துத் தம் அகராதியில் ஏற்றிக்கொண்டனர்.

ஸ்பேடை ஸ்பேடு என்று சொல்வது என்பது ஆங்கில மரபுத்தொடர். உள்ளதை ஒளிவுமறைவின்றி உரைப்பது என்பது அதன் பொருள். அது பிறந்த கதையோ கிரேக்கத்துக் கதை! கி.மு. 348-இல் ஒலிந்தஸ் நகரத்தை மாசிடோனிய மன்னன் பிலிப்புக்குச் சிலர் காட்டிக் கொடுத்தனர். லஸ்தெனிஸ் என்பான் அவர்களுள் ஒருவன். மன்னனின் ஆட்கள் தம்மைத் துரோகிகள் என்று ஏசுவதாக அவன் கூட்டத்தார் பிலிப்பிடமே முறையிட்டனர். மாசிடோனியர் பண்படாத பட்டிக்காட்டார், தொட்டியைத் தொட்டி என்றே சொல்லப் பழகியவர்கள் என்றானாம் பிலிப்பு. புளூட்டார்க் எழுதிவைத்த செய்தி இது. உண்மையை மறுக்கவில்லை மன்னன். உண்மை பேசியவர்களைத்தான் நாகரிகமற்றவர்கள் என்றான்!

தொட்டி, ஸ்பேடு ஆனது எப்படி? தொட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், தோண்டுகருவியைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. 1531-இல் இதை இலத்தீனில் தந்த பேரறிஞர் எராஸ்மஸ் தோண்டுகருவியை இட்டார், மயங்கினார் போலும். 1542-இல் நிக்கோலஸ் உடால் அதை ஆங்கிலப்படுத்த, ஸ்பேடு நிலைத்துவிட்டது.

அக்கருவியை ஏந்தியவர் நிலை என்ன? 1649 சனவரியில் மன்னன் சார்லசின் தலை வீழ்ந்தது. ஏப்ரலில், சர்ரே மாவட்டத்துச் செயின்ட் ஜார்ஜ் குன்றின் தரிசில், ஜெரார்டு வின்ஸ்டன்லியும் ஏழைகள் சிலரும் ஸ்பேடுடன் இறங்கினர். நிலம் அனைவர்க்கும் பொது என்றனர். கேரட்டும் அவரையும் விதைத்தனர். தோண்டுவோர் என்றே அவர்களுக்குப் பெயர். வாள் ஏந்தாத அவர்களை நிலக்கிழார்கள் விட்டார்களா? பயிரை அழித்தனர், குடிசைகளை இடித்தனர், வழக்காடினர். அவர்கள் அருகிலிருந்த கோபமுக்குப் பெயர்ந்தனர். 1650-இல் அங்கிருந்தும் விரட்டப்பட்டனர். இன்று அக்குன்று செல்வர் மாளிகைகளும் கோல்ஃப் திடலும் கொண்ட காவலிட்ட குடியிருப்பு.

1895-இல் அரங்கேறிய ஆஸ்கார் வைல்டின் நாடகமொன்றில் ஒரு சீமாட்டி, ஸ்பேடு என்ற பொருளைத் தாம் கண்டதே இல்லை எனப் பெருமிதம் கொள்கிறாள். அரங்கம் சிரித்தது. சோறு விளைத்த கருவியைக் காணாதிருத்தல் உயர்குலத்துக்கு அழகாம்!

சீட்டுக்கட்டிலும் ஸ்பேடு உண்டு. நாம் இஸ்பேடு என்கிறோமே, அதுதான். அது இத்தாலிய மொழியில் வாளைக் குறித்த சொல். உழைப்பவன் கருவியும் வீரன் வாளும் பழங்காலத்தில் ஒரே வேரின் உறவினர் என்பர் மொழிநூலார்.

அச்சீட்டின் நிறம் கருமை. அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு, 1920-களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களைச் சுட்டும் வசைச்சொல்லாக அது மாறியது. மரபுத்தொடருக்கும் அந்நிறத்துக்கும் எவ்வித உறவும் இல்லை. ஆயினும் அத்தொடரை வாய்விட்டுச் சொல்ல அங்கே பலர் இப்போது தயங்குகின்றனர். தயக்கம் தவறென்று நாம் கூறோம்; ஆங்கில அகராதிகளும் அந்த வசைப்பொருளுக்கு இழிமொழி என்ற குறிப்பை இட்டே வைத்துள்ளன.